சண்டிலிப்பாய்: கணிதக் கல்வியும் அரச சட்டங்களும்

சண்டிலிப்பாய் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் தென்மேற்குப் பிரதேசத்திலுள்ள ஊர். அதன் பெயரிலமைந்த கல்விக் கோட்டம் வலிகாமம் கல்வி வலயத்தைச் சேர்ந்தது. இங்குள்ள அரச பாடசாலைகளில் தரம் 1 முதல் 11 வரை கணிதம் கட்டாயப் பாடம். எந்த ஒரு தனிச் சட்டமும் இதைக் கொண்டுவரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது சட்டம். பாடத்தைப் பொதுவாக்கியது கலைத்திட்டம். தேர்ச்சியை வற்புறுத்தியது பரீட்சை விதி.

தொடக்கம்

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி மனனமே கணக்குப் பாடம். முந்திரி (1/320), மாகாணி (1/16) முதலான கீழ்வாயிலக்கங்களைப் பிள்ளைகள் ஒப்புவித்தனர். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி மேலைக் கணிதத்தை அறிமுகப்படுத்தியது. அதனோடு தொடர்புடைய கறல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855இல் வெளியானது.

சட்டங்கள்

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின், பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை முறை வந்தது. பரிசோதகர் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் மூன்றையும் சோதிப்பார். சித்தியடைந்தோர் தொகையைப் பொறுத்தே உதவிப்பணம் கிடைக்கும். கணக்கில் பிள்ளைகள் தவறினால் பள்ளியின் வருவாயும் குறைந்தது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் ஏழைப் பிள்ளைகளுக்கு வழிவிட்டன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின்கீழ் வந்தன.

கலைத்திட்டம்

1972 சீர்திருத்தம் கனிட்ட இடைநிலை மாணவர் அனைவருக்கும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கட்டாயமாக்கியது. 1980இல் இலவசப் பாடநூல் விநியோகம் தொடங்கியது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் தயாரிக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான பாடசாலைகளின் நிர்வாகம் மாகாணங்களிடம் சென்றது. ஆனால் பாடத்திட்டம் மத்திய அரசிடமே உள்ளது. 1997இன் ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை பள்ளி வரவைக் கட்டாயமாக்கியது; 2016இல் அவ்வெல்லை 16 ஆனது.

பரீட்சை விதி

க.பொ.த. உயர்தரத்துக்குச் செல்ல, சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும் என்பது பொது விதி. இதனால் ஏனைய பாடங்களில் திறமைச் சித்தி பெற்றவரும் கணிதத்தில் சித்தியின்மையைக் குறிக்கும் 'டபிள்யூ' வந்தால் தடைப்படுவதுண்டு. அத்தகையோர் அப்பாடத்துக்கு மட்டும் மீண்டும் தோற்றலாம். 2017இல் ஆரம்பமான 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியடையாதோரும் தொழிற்கல்விப் பிரிவில் தொடர இடமளித்தது.