உடுப்பூர் வேடர் குடியின் வேட்டை மரபும் கண்ணப்பர் அன்பும்

தமிழர் வகுத்த நிலப்பிரிவுகளுள் மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயர் பெற்றன. அந்நிலத்திற்குரிய தெய்வமாகச் சேயோனைத் தொல்காப்பியம் குறிப்பிடுகின்றது. தினை விளைத்தலும் தேன் எடுத்தலும் வேட்டையாடுதலும் குறிஞ்சி மக்களின் தொழில்கள். வேடர் தலைவனாகிய நம்பிராசனின் குடிலில் வளர்ந்த வள்ளிநாயகியை ஆட்கொள்ள முருகப்பெருமான் வேடனாகவே உருக்கொண்டு வந்தான் எனக் கந்தபுராணம் உரைக்கின்றது. மலைவேடர் குடிக்கும் நம் சமயத்திற்கும் உள்ள உறவு அத்துணைப் பழைமை வாய்ந்தது.

எனினும், வேடர் என்றதும் முறையறியாதவர், கல்லாதவர், கொடியவர் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. கண்ணப்ப நாயனாரின் வரலாற்றைச் சொல்லும்போதும், 'முறை ஒன்றும் அறியாத வேடர் அன்பினால் மட்டும் வீடுபேறு எய்தினார்' என்று கூறி முடித்துவிடுகின்றோம். அன்பே அவரை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் முறை அறியாதவர் என்பது பொருந்துமா? அவர் பிறந்த குடியின் வேட்டை மரபைச் சற்று நெருங்கி நோக்கினால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

சங்கப் பாடல்கள் காட்டும் வேட்டை அறம்

வேட்டைக்களத்தில் நிலவிய பண்பைப் புறநானூற்றின் 150ஆம் பாடல் தெளிவாகக் காட்டுகின்றது. பசியோடும் வழிநடைக் களைப்போடும் காட்டில் ஒரு பலாமரத்தடியில் அமர்ந்திருந்த புலவர் வன்பரணரிடமும் அவர் சுற்றத்தாரிடமும் வேடன் ஒருவன் வந்தான். மானின் குருதி தோய்ந்த கால்களை உடைய அவன், வேட்டையில் தன் இளைஞர் கூட்டத்தைப் பிரிந்து வந்தவன். எழுந்து வணங்க முற்பட்டோரைக் கையமர்த்தி இருக்கச் செய்தான். தன் இளைஞர்கள் வந்து சேருமுன் தானே தீக்கடைந்து, ஊனைச் சுட்டு, அவர்களுக்கு ஊட்டினான். புறப்படும் வேளையில், காட்டு நாட்டினராகிய தங்களிடம் வேறு அணிகலன் இல்லை என்று கூறித் தன் மார்பில் கிடந்த ஆரத்தையும் முன்கையில் அணிந்திருந்த கடகத்தையும் கழற்றிக் கொடுத்தான். நாடும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. அவன் தோட்டிமலைக்குரிய நள்ளி என்பதைப் புலவர் வழியில் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தார். கடையெழு வள்ளல்களுள் ஒருவன் அவன். வேட்டையில் கிடைத்த உணவின் முதற்பங்கு பசித்து வந்தவனுக்கே உரியது என்னும் அறம் இங்கு விளங்குகின்றது.

மலைபடுகடாமும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர், வழியிலுள்ள மலைச்சீறூர்களை அடைந்தால், சொந்த வீட்டிற்கு வந்தவர் போல் இறைச்சியும் தினைச்சோறும் பெறுவர் என்று அந்நூல் ஆற்றுப்படுத்துகின்றது.

வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320ஆம் பாடல் வேட்டுவன் ஒருவனின் இல்லத்தைக் காட்டுகின்றது. மானைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்த பெண்மான் முற்றத்தில் நிற்கின்றது. காட்டிலிருந்து வந்த ஆண்மான் ஒன்று அதனோடு விளையாடுகின்றது. வேட்டுவன் அயர்ந்து உறங்குகின்றான். அவன் விழித்துவிடுவானோ, ஆண்மான் துணையைப் பிரிந்து ஓடிவிடுமோ என்றஞ்சி, அவன் மனைவி சிறு ஓசையும் எழுப்பாது இருக்கின்றாள். வேட்டையே வாழ்வாகக் கொண்ட வீட்டிலும் உயிர்களின் இன்பத்திற்கு இரங்கும் நெஞ்சம் இருந்தது.

உடுப்பூரில் ஒரு குடும்பம்

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம், பொத்தப்பி நாட்டு உடுப்பூரை நம் கண்முன் நிறுத்துகின்றது. அங்கே விளாமரங்களில் வேட்டை நாய்கள் கட்டப்பட்டிருக்கும். அம்மரக் கிளைகளில் நீண்ட வலைகள் தொங்கும். பாறை முற்றங்களில் மலைநெல் உலரும். வேடர் சிறுவர் புலிக்குட்டிகளோடும் யானைக்கன்றுகளோடும் விளையாடுவர்.

அவ்வூர்த் தலைவன் நாகன். அவன் மனைவி தத்தை. நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய இருவரும் முருகவேளின் சந்நிதியில் சேவல்களையும் மயில்களையும் நேர்ந்துவிட்டு, குரவைக்கூத்து ஆடுவித்து வழிபட்டனர். பிறந்த மகனைக் கையில் ஏந்திய நாகன், அவன் திண்ணென்று இருந்தமையால் திண்ணன் எனப் பெயரிட்டான். உரிய பருவம் வந்ததும் வில் பிடிக்கும் விழாவைச் சுற்றத்தார் அனைவரையும் கூட்டிப் பெருவிழாவாக நடத்தினர். வில் என்பது ஒருவன் தானே எடுத்துக்கொள்ளும் கருவி அன்று. குடியே கூடி வாழ்த்தி அவன் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு ஆகும்.

நாகன் முதுமையுற்றான். திங்கள்தோறும் முறையாக நடைபெற வேண்டிய வேட்டை தவறியது. பன்றியும் பிற விலங்குகளும் மிகுந்து புனங்களை அழித்தன. வேடர்கள் தலைவனிடம் முறையிட்டனர். இனித் தன்னால் இயலாது என்று உணர்ந்த நாகன், தேவராட்டி என்னும் முதுமகளை வரவழைத்துத் தெய்வத்திற்குப் பலி கொடுக்கச் செய்து, உடைதோலையும் சுரிகையையும் மகன் கையில் கொடுத்துத் தலைமையை அளித்தான். அவ்வேட்டை பொழுதுபோக்கிற்காக நிகழ்ந்தது அன்று. பயிரைக் காக்கவும் ஊருக்கு உணவளிக்கவும் ஏற்பட்ட கடமை அது.

அக்கடமைக்கும் எல்லை இருந்தது. யானைக்கன்றுகளைத் தொடர்தல் இல்லை. சிறு குட்டிகளைக் கொல்லுதல் இல்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்துதல் இல்லை. திண்ணனாரின் முதல் வேட்டையை வருணிக்கும் இடத்தில் சேக்கிழார் இவ்விதிகளை மறவாது எடுத்துரைக்கின்றார். நூல் பல கற்றும் அருள் இல்லாதார் உண்டு. நூலே கல்லாத வேடர் குடியில் இவ்வருள் விதியாகவே நிலைத்திருந்தது.

வேட்டைக்களத்திலிருந்து திருக்காளத்திக்கு

அம்முதல் வேட்டையில் வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றி ஒன்றைத் திண்ணனாரும் நாணன், காடன் என்னும் இருவரும் நெடுந்தொலைவு தொடர்ந்தனர். திண்ணனார் அதனைச் சுரிகையால் வீழ்த்தினார். பசியும் நீர்வேட்கையும் மிக, மூவரும் பொன்முகலி ஆற்றை அடைந்தனர். காடனைத் தீக்கடைந்து வைக்கப் பணித்துவிட்டு, திண்ணனார் நாணனோடு காளத்தி மலையேறினார். அங்கே குடுமித்தேவரைக் கண்டார், தம்மை மறந்தார்.

இறைவன் முடியில் நீரும் பூவும் இருப்பது கண்டு, இதைச் செய்தவர் யார் என வினவினார். முன்னொரு நாள் நாகனோடு வேட்டைக்கு வந்தபோது, அந்தணர் ஒருவர் நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவு படைத்ததைக் கண்டதாக நாணன் கூறினான். ஆகவே, வழிபாட்டின் முதற்பாடமும் தந்தையின் வேட்டைப் பயணம் ஒன்றின் வழியாகவே திண்ணனாருக்குக் கிடைத்தது.

அதன்பின் அவர் செய்தவை யாவும் குடிமரபின் வழி வந்தவையே. இங்கே தனித்திருப்பவர் பசித்திருப்பார் என்று அவர் உள்ளம் பதறியது. விரைந்து இறங்கி, ஊனைப் பதமாகச் சுட்டு, சுவைத்துப் பார்த்து நல்லவற்றை மட்டும் தேர்ந்து கொணர்ந்தார். பசித்தவர்க்கு முதற்பங்கு அளித்த நள்ளியின் செயலும் இதுவேயன்றோ? இரவில் கொடிய விலங்குகள் வருமே என்று அஞ்சி, கையில் வில்லேந்தி விடியுமளவும் காவல் நின்றார். ஊர் காக்கக் கொடுத்த வில் இறைவனைக் காக்க நின்றது. முறையறியாதவர் என்று நாம் கூறும் அப்பெருமான் தம் குடியின் முறையை எள்ளளவும் வழுவாமல் செய்தார். அம்முறைக்கு உரியவர் இறைவனே என்று கண்டதொன்றே அவர் செய்த புதுமை.

ஆகம நெறி வழுவாது பூசித்து வந்த சிவகோசரியார் ஊனைக் கண்டு உள்ளம் நொந்தது இயல்பே. இறைவன் அவரைக் கடிந்துரைக்கவில்லை. கனவில் தோன்றித் திண்ணனாரின் அன்பை உணர்த்தி, மறைந்திருந்து காணுமாறு பணித்தருளினான். ஆறாம் நாள் இறைவன் கண்ணில் குருதி வழிய, தம் கண்ணையே இடந்து அப்பித் திண்ணனார் கண்ணப்பரானார்.

இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படாத துயரம் ஒன்றுண்டு. நாகன் தேவராட்டியுடன் காளத்திக்கு வந்து மகனை அழைத்தான். பலவாறு முயன்றும் அவர் மனம் திரும்பவில்லை. தவமிருந்து பெற்ற மகன், தலைமை ஏற்ற முதல் நாளே குடியை விட்டு நீங்கினான். நாகனின் இழப்பு சிறிதன்று. ஆயினும் அவன் பயிற்றிய பரிவும் காவலும் ஈகையும் வீணாகவில்லை. மரபைக் கையளிக்கும் பெற்றோர், அது எவ்விடத்தில் எவ்வாறு மலரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது.

ஆலயங்களில் நிலைத்த நினைவு

இன்றும் சிவாலயங்கள் பலவற்றின் பெருவிழாவில் இறைவன் குதிரை வாகனத்தில் பரிவேட்டைக்கு எழுந்தருளுகின்றான். விஜயதசமியன்று அம்பு எய்யும் நிகழ்ச்சி தமிழகத்திலும் மலேசியா, சிங்கப்பூர் ஆலயங்கள் சிலவற்றிலும் நடைபெறுகின்றது. அதைக் காணும் சிறுவர்க்கு அதன் பொருளைச் சொல்லுவது பெரியோர் கடன்.

திருக்காளத்தியில் மகாசிவராத்திரிப் பெருவிழா தொடங்கும்போது, முதற்கொடி இறைவன் சந்நிதியில் ஏற்றப்படுவதில்லை. அருகிலுள்ள குன்றில் கண்ணப்பருக்கே ஏற்றப்படுகின்றது. அதன்பின்னரே காளத்தியப்பருக்குக் கொடியேற்றம். வேட்டையின் முதற்பங்கைத் தமக்கு வைத்துக்கொள்ளாமல் ஈந்தவருக்கு, இறைவன் தன் விழாவின் முதற்பங்கை ஈந்துள்ளான்.