நீதிபதி மீதான புகார்

நீதிபதி மீதான புகார் என்பது அவருடைய நடத்தை பற்றியது, தீர்ப்பைப் பற்றியது அல்ல. தீர்ப்பு பாதகமாக வந்தால் அப்பீல்தான் வழி. லஞ்சம், பாரபட்சம், பதவியைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவையே புகாருக்கு உரியவை.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்த நிறுத்தம் ஐகோர்ட். மாஜிஸ்திரேட் முதல் மாவட்ட நீதிபதி வரை யார் மீது புகார் என்றாலும் வடசென்னைக்காரர் அங்குதான் போக வேண்டும். அரசியல் சாசனத்தின் 235-ஆவது பிரிவு கீழ்க்கோர்ட்டுகளை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. மொட்டைக் கடுதாசி எடுபடாது. பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள்.

ஐகோர்ட் நீதிபதி மீதே புகார் என்றால் கதை வேறு, அவரை நீக்க நாடாளுமன்றம்தான் வழி. 1949-இல் அலகாபாத் நீதிபதி எஸ்.பி. சின்ஹா நீக்கப்பட்டார்; அப்போது கவர்னர் ஜெனரல் ராஜாஜி. குடியரசான பிறகு நாடாளுமன்றம் ஒரு நீதிபதியைக்கூட நீக்கி முடித்ததில்லை.

இப்படிப்பட்ட புகார்களில் சென்னையின் பங்கு அதிகம். சென்னை ஐகோர்ட் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது 1976-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து சுமார் 6.41 லட்சம் ரூபாய் என்பது குற்றச்சாட்டு. நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்ட பொது ஊழியரே, ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் வழக்குப் பதியக் கூடாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே 1991-இல் அவருடைய மருமகன், உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீது 108 எம்.பி.க்கள் கையெழுத்திட்ட தீர்மானத்தை மக்களவை சபாநாயகர் ஏற்றார். சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு வீட்டுக்குக் கம்பளமும் மரச்சாமானும் வரம்பு மீறி வாங்கினார் என்பது முக்கியப் புகார். மூன்று நீதிபதிகள் கொண்ட குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகக் கூறியது. அவருக்காக கபில் சிபல் மக்களவைக்குள்ளேயே நின்று மணிக்கணக்கில் வாதாடினார். 1993 மே 11 வாக்கெடுப்பில் ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காங்கிரசும் கூட்டணியினருமாக 205 பேர் வாக்களிக்காமல் இருந்ததால், அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் தேவை என்ற விதி தீர்மானத்தைச் சாய்த்தது. பேசாமல் உட்கார்ந்தே ஒருவரைக் காப்பாற்றலாம் என்பது அன்று தெரிந்தது.

2009-இல் நீதிபதி பி.டி. தினகரனை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தபோது, திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் நிலம் வளைத்ததாகச் சென்னை வழக்கறிஞர்கள் புகார் எழுப்பினார்கள். அவர் மறுத்தார். மாநிலங்களவைத் தலைவர் அமைத்த குழு விசாரித்துக்கொண்டிருக்க, 2011-இல் ராஜினாமா செய்தார். விசாரணை அத்தோடு நின்றது.

புகார் சொன்ன நீதிபதியே சிறை சென்றதும் உண்டு. நீதிபதிகள் 20 பேரின் பெயரைக் குறிப்பிட்டுப் பிரதமருக்கு எழுதிய சி.எஸ். கர்ணன், 2017-இல் அவமதிப்பு வழக்கில் ஆறு மாதத் தண்டனை பெற்றுக் கோவையில் கைதானார்.

எம்.பி.க்கள் கையெழுத்து இல்லாத சாதாரண மனுதாரருக்கு 1999-இல் வகுக்கப்பட்ட உள்விசாரணை முறை இருக்கிறது. இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதலாம். அவர் தகுதியுள்ளதாகக் கருதினால் மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். ஆனால் அப்படி ஒரு விசாரணையின் அறிக்கையை வெளியிடக் கேட்டு வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் போட்ட மனுவை 2003-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.