ஒரு ஊசித்துளையின் கதை: டீசல் இன்ஜெக்டரை வீட்டில் கழற்றலாமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல அப்பாவோட டீசல் கார் பானெட்டைத் திறந்து வெச்சுட்டு நின்னுட்டிருந்தேன். கையில நாலு சின்ன பாட்டில், நாலு டியூப். வாட்ச்மேன் அண்ணன் வந்து, "என்ன சார், வண்டிக்கு பிளட் டெஸ்ட்டா?"ன்னு கேட்டார். யோசிச்சுப் பார்த்தா, நான் பண்ணிட்டிருந்த வேலைக்கு அதுதான் சரியான பேரு.

விஷயம் இதுதான். பத்து வருஷத்துக்கு மேல ஓடின வண்டி. காலையில ஸ்டார்ட் ஆகவே ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினோம். "இன்ஜெக்டர் போயிடுச்சு, நாலையும் மாத்தணும்"னு ஒரு எஸ்டிமேட் கொடுத்தாங்க. அதைப் பார்த்துட்டு அப்பா, "இதுக்கு வண்டியையே வித்துடலாம்டா"ன்னார்.

ஊர்ல இருக்கிற பெரியப்பாவுக்கு போன் போட்டேன். பல வருஷம் அம்பாசடர் டீசல்ல டாக்ஸி ஓட்டினவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நாலும் ஒரே நாள்ல எப்படிடா போகும்? எது போச்சுன்னு பார்த்தியா?"

பார்க்கலை. எப்படிப் பார்க்கிறதுன்னும் தெரியாது. அதைத் தேடிப் போனப்பதான் 130 வருஷக் கதை ஒண்ணு கிடைச்சது. வாங்க, முதல்ல ஜெர்மனிக்குப் போவோம்.

தீப்பொறி இல்லாத என்ஜின்

பெட்ரோல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக் இருக்கும். டீசல்ல கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பலமாக அழுத்தினா, அதோட வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நேரத்துல எரிபொருளைத் தூவினா தானா பத்திக்கும். ருடால்ஃப் டீசலின் எண்ணம் இதுதான். 1892ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு, 1893ல ஆக்ஸ்பர்க் நகரத்துல முதல் சோதனை என்ஜினை ஓட்டிப் பார்த்தார்.

தியரி அழகு. ஆனா ஒரு சிக்கல். ஏற்கெனவே அழுத்தத்துல இருக்கிற காற்றுக்குள்ளே, அதைவிட அதிக அழுத்தத்துல, துளித்துளியா, சரியான நொடியில எரிபொருளை எப்படி அனுப்புறது? டீசல் முதல்ல நேரடியாகத் தூவிப் பார்த்தார். அந்தக் காலத்துப் பம்ப்புக்கு அந்தத் துல்லியம் இல்லை. கடைசியில, தனியா ஒரு கம்ப்ரெசர் வெச்சு, அழுத்தப்பட்ட காற்றாலேயே எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளினார்.

அது வேலை செஞ்சது. 1897 பிப்ரவரியில பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்தின சோதனையில என்ஜினின் திறன் சுமார் 26 சதவீதம். அன்றைய சாதாரண நீராவி என்ஜின்கள் இதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனா அந்தக் கம்ப்ரெசரின் எடை? கப்பல்ல வைக்கலாம், தொழிற்சாலையில வைக்கலாம், கார்ல வைக்க முடியாது. 1913 செப்டம்பர்ல இங்கிலாந்துக்குப் போற கப்பல்ல இருந்து டீசல் காணாமப் போனார். தன் என்ஜின் காருக்குள்ளே வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

கம்ப்ரெசரைத் தூக்கி எறிஞ்ச பம்ப்

இதுக்கு வழி ரெண்டு பக்கத்துல இருந்து வந்தது. ஒண்ணு, 1909ல பென்ஸ் கம்பெனியில இருந்த ப்ராஸ்பெர் லோரான்ஜ் பதிஞ்ச யோசனை. சிலிண்டர் தலையில ஒரு குட்டி அறை. எரிபொருள் முதல்ல அங்கே பத்தி, அந்த வேகத்துலயே சிலிண்டருக்குள்ளே சீறிக் கலக்கும். அதனால தூவல் ரொம்பப் பொடியா இருக்க வேண்டிய அவசியமில்லை. சுமார் 100 பார் அழுத்தமே போதும்.

இன்னொண்ணு, ராபர்ட் பாஷ். 1922ல டீசல் பம்ப் செய்யுறதுன்னு முடிவெடுத்து, 1927ல தொடர் உற்பத்தியை ஆரம்பிச்சார். கம்ப்ரெசரே வேண்டாம், பம்ப்பே எரிபொருளை அழுத்தி அனுப்பும். முதல்ல லாரிக்குப் போனது. 1936ல மெர்சிடிஸ் 260 டி வந்தது. தொடர் உற்பத்திக்கு வந்த முதல் டீசல் கார்கள்ல ஒண்ணு.

இந்தத் தொழில்நுட்பம் நம்ம ஊருக்கும் வந்தது. 1951ல பெங்களூர்ல மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமா மைக்கோ, தொடங்கினாங்க. 2008ல அதுக்கு பாஷ்னு பேர் மாறினாலும், பழைய டீசல் பம்ப் கடை போர்டுகள்ல மைக்கோங்கிற பேரை இன்னும் பார்க்கலாம்.

பெரியப்பாவின் காது

அந்தத் தலைமுறை இன்ஜெக்டருக்கு மெக்கானிக் கடையில பேரு நாசில். உள்ளே இருக்கிறது ஒரு ஊசியும் ஒரு ஸ்பிரிங்கும், அவ்வளவுதான். பம்ப் அனுப்புற அழுத்தம் ஸ்பிரிங்கைவிட அதிகமானா ஊசி எழும்பும், டீசல் தெறிக்கும். அழுத்தம் குறைஞ்சா மூடிக்கும்.

அதனால அதைப் புரிஞ்சுக்க காது போதும். வண்டி ஐடில்ல ஓடும்போது, நாசிலுக்குப் போற பைப் நட்டை ஒவ்வொண்ணா லேசா தளர்த்துவாங்க. என்ஜின் சத்தம் மாறினா, அந்த சிலிண்டர் அதுவரை ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. மாறலைன்னா, குற்றவாளி அவன்தான். "ரோட்டோரத்துல ஒரு ஸ்பானர், பத்து நிமிஷம்"னு பெரியப்பா சொல்வார். நாசிலைக் கழட்டி, கையால அடிக்கிற டெஸ்ட் பம்ப்புல மாட்டினா, 'கிர்ர்'னு ஒரு சத்தம் வரணும். தூவல் கூம்பு மாதிரி விரியணும். அழுத்தம் குறைவா இருந்தா ஸ்பிரிங் மேல மெல்லிசா ஒரு வாஷர் சேர்த்தா முடிஞ்சது.

ஒண்ணே ஒண்ணுதான் அப்பவும் தொடக் கூடாது. ஊசிக்கும் அதோட உறைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். நம்ம தலைமுடியின் தடிமன்ல இருபதுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. ரெண்டையும் ஜோடியாகவே இழைச்சிருப்பாங்க. ஒண்ணோட ஊசியை இன்னொண்ணுல போட்டா ரெண்டுமே வீண்.

1997: கணக்கு மாறின வருஷம்

இந்தப் பழைய முறைக்கு ரெண்டு கெட்ட பேரு: புகை, 'டக்டக்' சத்தம். அதைச் சரிபண்ண வந்ததுதான் காமன் ரெயில். இத்தாலியில ஃபியட் குழுமம் உருவாக்கி, பாஷ் கையில உற்பத்திக்கு வந்து, 1997ல ஆல்ஃபா ரோமியோ 156 கார்ல அறிமுகமாச்சு. அழுத்தம் 1,350 பார். உங்க கார் டயர்ல இருக்கிறது சுமார் 2 பார்தான்.

இதுல பம்ப் ஒரு பொதுக் குழாயை எப்பவும் அழுத்தத்துல நிரப்பி வெச்சிருக்கும். எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம்னு முடிவு பண்றது கம்ப்யூட்டர். முதல்ல ஒரு துளி, அப்புறம் மெயின்னு ஒரே சுற்றுல பல தடவை தூவும். சத்தம் அடங்கினதுக்குக் காரணம் அந்த முதல் துளிதான். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இந்த வகைதான். 2007ல வந்த ஸ்விஃப்ட் டீசல்ல தொடங்கி, 2020ல பிஎஸ்-6 வரும்வரை இந்தியாவுல எத்தனையோ வண்டிகளை அது ஓட்டியிருக்கு.

இங்கேதான் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் பழக்கமான விஷயம் வருது. 1,350 பார்ல, ரெண்டு இன்ஜெக்டர் நூறு சதவீதம் ஒண்ணா இருக்கவே முடியாது. அதனால ஃபேக்டரியில ஒவ்வொண்ணையும் சோதிச்சு, அதோட குணத்தை ஒரு கோடா மாத்தி, தலையிலயே பொறிச்சிடறாங்க. சிலதுல 7 எழுத்து, சிலதுல 20. மாத்தும்போது அந்தக் கோடை வண்டியின் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். இல்லைன்னா அது பழைய இன்ஜெக்டர்னு நினைச்சே கணக்குப் போடும். ஸ்பானர் வேலை, பாதி டேட்டா என்ட்ரி ஆயிடுச்சு.

பாட்டில் டெஸ்ட்

அப்போ வீட்ல செய்ய ஒண்ணுமே இல்லையா? இருக்கு. காமன் ரெயில் இன்ஜெக்டர் திறக்கும்போது கொஞ்சம் டீசல் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திரும்பும். உள்ளே இருக்கிற வால்வு தேய்ஞ்சா, திரும்புற அளவு கூடும். அப்போ ஸ்டார்ட் பண்ணும்போது ரெயில்ல அழுத்தம் ஏறாது. காலையில எங்க வண்டிக்கு வந்த வியாதி அதேதான்.

ஆக, ரிட்டர்ன் பைப்பைக் கழட்டி, அதோட வாயை அடைச்சு, நாலு இன்ஜெக்டருக்கும் நாலு டியூப், நாலு பாட்டில். ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல விட்டேன். மூணு பாட்டில்ல டீசல் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மூணாவது சிலிண்டர் பாட்டில்ல மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல.

பெரியப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். "சொன்னேன்ல"ன்னு பதில் வந்தது.

ஆனா இங்கே ஒரு எச்சரிக்கை, சீரியஸா. பெரியப்பா மாதிரி பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற வேலை காமன் ரெயில்ல கூடவே கூடாது. ஊசித்துளை அளவு கசிவுகூட தோலைத் துளைச்சு டீசலை உள்ளே ஏத்திடும். வெளியே பார்த்தா சின்னப் புள்ளிதான். வலிகூட முதல்ல இருக்காது. ஆனா அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படுற காயம். விரலையே எடுக்க வேண்டி வந்தவங்க இருக்காங்க. கசிவைத் தேட கையை வைக்காதீங்க, அட்டையை நீட்டுங்க. எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் என்ஜினை ஆஃப் பண்ணி, அழுத்தம் இறங்க நேரம் கொடுங்க. தூசி உள்ளே போகாம ஒவ்வொரு வாயையும் மூடுங்க.

நான் மூணாவது இன்ஜெக்டரை மட்டும் கழட்டினேன். கரி பிடிச்சு இறுகிப் போயிருந்தது. ரெண்டு நாள் எண்ணெய் ஊற வெச்சுதான் வந்தது. அதைப் பிரிக்கலை. டெஸ்ட் பெஞ்ச் இருக்கிற ஒரு டீசல் கடைக்குக் கொண்டு போனேன். வால்வு மாத்தி, சோதிச்சு, புதுக் கோட் எழுதிக் கொடுத்தாங்க. புது காப்பர் வாஷர் போட்டு, சொன்ன டார்க்ல முறுக்கி, நண்பரோட ஸ்கேனர்ல 7 எழுத்தையும் டைப் பண்ணேன். ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எவ்வளவோ கோட் அடிக்கிறேன். இவ்வளவு பயந்து அடிச்சதில்லை. நாலு தடவை சரிபார்த்தேன்.

சாவியைத் திருப்பினேன். ரெண்டாவது சுத்துல பிடிச்சுக்கிச்சு. அப்பா இப்போ விக்கிற பேச்சையே எடுக்கிறதில்லை.

இன்ஜெக்டரைப் பிரிக்கிற வேலை வீட்டை விட்டுப் போயிடுச்சு, அது நியாயமான காரணத்துக்காகத்தான். ஆனா எது கெட்டுப் போச்சுன்னு கண்டுபிடிக்கிற வேலை இன்னும் நம்மகிட்டதான் இருக்கு. அதையும் விட்டுட்டா, நாலையும் மாத்தச் சொல்றவங்களுக்கு நாம கேட்கக் கேள்வியே இருக்காது.

உங்க வீட்ல இப்படி வண்டியோட சத்தத்தை வெச்சே நோயைச் சொல்ற பெரியவங்க இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடுங்க. அவங்க கதையை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!