உண்ணாமையும் உறங்காமையும்

இத்தாலியின் சியன்னா நகரில் 1347இல் பிறந்தவர் கேத்தரின். வீட்டார் திருமணத்துக்கு வற்புறுத்தியபோது தலைமுடியை வெட்டிக்கொண்டார். உணவையும் உறக்கத்தையும் படிப்படியாகக் குறைத்தார். 1380இல், 33 வயதில் இறந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதிய கப்புவா ரேமண்ட் என்ற துறவி, உண்ணாமையையும் உறங்காமையையும் இரு வேறு தவங்களாகப் போற்றினார். 1461இல் திருச்சபை கேத்தரினைப் புனிதராக அறிவித்தது.

லண்டன் மருத்துவர் வில்லியம் கல், உண்ண மறுத்த இளம்பெண்களைப் பற்றிய தம் கட்டுரையை 1874இல் வெளியிட்டார். அந்நிலைக்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். எலும்பும் தோலுமான உடலில் இத்தனை சுறுசுறுப்பா என்று வியந்தார். காரணத்தை அப்பெண்களின் மனநிலையில் தேடினார். முன்பு புனிதம் எனப்பட்டது, இப்போது நோயாயிற்று.

பசியையும் விழிப்பையும் இணைக்கும் ஒரெக்சின் என்ற மூளைப்பொருள் 1998இல்தான் கண்டறியப்பட்டது. இரண்டு பெயர்களுக்கும் வேர் ஒன்றே: வேட்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பட்டினி கிடக்கும் உடல், உணவு தேடுவதற்காக விழித்திருக்கிறது.

கேத்தரினுக்கு இன்று நோய்ப்பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஆனால் ரேமண்ட் இரண்டாவது தவமாக எண்ணியது, முதலாவதன் விளைவாக இருந்திருக்கலாம். 'சோறு தூக்கமில்லாமல் உழைக்கிறாள்' என்று ஒரு பெண்ணைப் பாராட்டும் நாமும் அவள் உடல் கேட்பதைக் கவனிப்பதில்லை.