மான் வேட்டைப் பரண்: மன்னரின் மாடம் முதல் இரும்பு ஏணி வரை

மான் வேட்டை என்றதும் குதிரைப் பாய்ச்சலும் துரத்தலும்தான் நம் கண்ணில் வரும். சினிமா செய்த வேலை அது! உண்மையில் உலகின் பல இடங்களில் மான் வேட்டை என்பது மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேலை. மரத்தில் சாத்திய இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஓர் இருக்கை, அதில் விடியும் முன்பே போய் உட்கார்ந்துவிட்ட ஒரு ஆள். அமெரிக்காவில் இதை லேடர் ஸ்டாண்ட் என்கிறார்கள். நம் சோளக்கொல்லைப் பரண் மாதிரிதான். நம்மவர்கள் பயிரைத் தின்ன வரும் விலங்கை விரட்டப் பரண் ஏறினார்கள், அவர்கள் சுட ஏறுகிறார்கள்.

இந்த இருக்கை எவ்வளவு வசதியாக இருக்க வேண்டும் என்ற கேள்வி ஏதோ சோம்பேறித்தனம் போலத் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் ஐந்நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் ஒரு மன்னரின் புண்பட்ட காலும் வருகிறது.

லண்டனின் ஓரத்தில் சிங்ஃபோர்ட் என்ற இடம். அங்கே எப்பிங் காட்டின் விளிம்பில் மரச்சட்டங்களால் கட்டிய மூன்று அடுக்குக் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. எட்டாம் ஹென்றி மன்னருக்காக 1543-ல் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் 'கிரேட் ஸ்டாண்டிங்'. மேல் மாடிகளுக்குச் சுவர் கிடையாது, திறந்த மாடம். ஆட்களும் நாய்களும் மான்களைக் கீழே ஓட்டி வர, மேலே இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கலாம், குறுக்குவில்லால் எய்யலாம்.

ஹென்றி இளவயதில் நாள் முழுக்கக் குதிரையில் சுற்றியவர். 1536 ஜனவரியில் கிரீன்விச்சில் நடந்த ஈட்டிப் போட்டியில் குதிரையோடு விழுந்தார். அதன்பின் காலில் இருந்த புண் ஆறவே இல்லை, உடலும் பெருத்துக்கொண்டே போனது. இந்த மாடம் எழுந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதன் படிக்கட்டைப் பார்த்தால் விஷயம் புரியும். அகலமான, உயரம் குறைந்த படிகள். பிற்காலத்தில் முதலாம் எலிசபெத் ராணி குதிரையோடு அந்தப் படிகளில் ஏறினார் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான். ஆனால் அந்தப் படிகளைப் பார்த்துத்தான் அப்படி ஒரு கதை பிறந்திருக்க முடியும். 1547-ல் ஹென்றி இறந்துபோனார். அவருக்கென்று கட்டிய மாடம் அவருக்கு நான்கு வருடம்கூடப் பயன்படவில்லை.

எலிசபெத் காலத்தில் சொகுசு இன்னும் கூடியது. 1591-ல் அவர் சசெக்ஸில் உள்ள கௌட்ரே மாளிகைக்கு விருந்தாளியாகப் போனார். அங்கே அலங்கரித்த பந்தல் ஒன்று தயாராக இருந்தது, வாத்தியக்காரர்களும் உண்டு. வனதேவதை வேடமிட்ட பெண் பாடிக்கொண்டே குறுக்குவில்லை ராணியின் கையில் கொடுத்தாள். அடைப்புக்குள் சுமார் முப்பது மான்கள். ராணி மூன்று நான்கைக் கொன்றார் என்று அந்த விழா விவரம் சொல்கிறது. இதை வேட்டை என்று சொல்ல மனம் வரவில்லை!

அரசக் காட்டு மான்கள் மன்னருக்கே உரியவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காட்டோரக் குடியானவன் மானைக் கொன்றால் உயிரோ உறுப்போ போகும் என்ற நிலை 1217-ல் வந்த காட்டுச் சாசனத்தோடுதான் மாறியது. அதற்குப் பிறகும் அபராதமும் சிறையும் உண்டு. மாடத்தில் உட்காரும் உரிமை வெகு சிலருக்குத்தான்.

ஜெர்மனியில் 1848 புரட்சியின்போது, அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடும் உரிமை பிரபுக்களிடமிருந்து பறிபோனது. இன்று அங்கே வயல் ஓரங்களில் ஏணி வைத்த மரக்கூண்டுகளை எங்கும் பார்க்கலாம். 'ஹோஃக்ஸிட்ஸ்' என்று பெயர், உயர்ந்த இருக்கை என்று பொருள்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. தென் மாநிலங்களில் 'ஸ்டாண்ட்' என்றால் முதலில் தரையில் ஆள் நிற்கும் இடம்தான். நாய்கள் மானை ஓட்டிவரும், அது கடக்கும் வழியில் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். அங்கே மன்னர் இல்லை, ஆகவே ஆளாளுக்குச் சுட்டார்கள். இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை வேறு. 1900 வாக்கில் வெள்ளைவால் மான்கள் நாடு முழுவதும் சுமார் 5 லட்சம்தான் மிச்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டு வந்த லேசி சட்டம், திருட்டு வேட்டை இறைச்சி மாநிலம் விட்டு மாநிலம் போவதைத் தடுத்தது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பியது. மான்கள் இல்லாத இடங்களுக்கு மான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று சுமார் 3 கோடி என்கிறது மதிப்பீடு.

மனிதன் மரம் ஏறியதற்கு முக்கியக் காரணம் வில். 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில் வேட்டைக்காரர்களுக்கென்று தனிப் பருவம் திறந்தது. ஹோலெஸ் ஆலன் என்பவர் கண்டுபிடித்த, கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு 1969-ல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் வில் பிடித்தவர்கள் பெருகினார்கள். ஆனால் அம்புக்கு மான் இருபது முப்பது மீட்டருக்குள் வர வேண்டும். மானின் மூக்கையும் காதையும் தரையில் இருந்து ஏமாற்றுவது பெரும்பாடு. மேலே ஏறினால் மனித வாடை சற்று உயரத்தில் போகும், மானும் அண்ணாந்து தேடுவது குறைவு. துப்பாக்கிக்காரர்களுக்கு இன்னொரு லாபம்: குறி தவறினாலும் குண்டு மண்ணில் போய்ப் புதையும்.

முதலில் கிளைகளுக்கு நடுவே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். மரம் வளரும், காற்றில் ஆடும், ஆணி கழலும், பலகை மழையில் இற்றுப்போகும். அடுத்த வருடம் அதே பலகையை நம்பிக் கால் வைத்தவர்கள் விழுந்தார்கள். 1960-களில் ஜார்ஜியாவின் ஆண்டி பேக்கர், மரப்பட்டையைக் கவ்விக்கொண்டு ஆளோடு சேர்ந்து ஏறும் மேடையைச் செய்தார். எங்கும் தூக்கிப் போகலாம், ஆனால் உடம்பில் தெம்பு வேண்டும். அது முடியாதவர்களுக்குத்தான் லேடர் ஸ்டாண்ட். துண்டு துண்டாக இணைக்கும் இரும்புக் குழாய் ஏணி, பதினைந்து இருபது அடி உயரம், மரத்தோடு இறுக்கும் பட்டை, கைக்கு மெத்தை வைத்த கம்பி. வயதானவர்களும் பிள்ளையோடு வரும் அப்பாக்களும் இதைத்தான் தேடுகிறார்கள்.

இருக்கையில் வசதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும். ஆள் நெளிவார், இரும்பு கிறீச்சிடும், மான் ஓடிவிடும். அவசரத்தில் விட்ட அம்பு மானைக் கொல்லாமல் காயப்படுத்தும். அது எங்கோ போய் மெதுவாகச் சாகும். இருட்டியதும் மரத்துப்போன காலோடு ஏணியில் இறங்க வேண்டும், அங்கேதான் ஆபத்து. ஜார்ஜியாவில் 1979 முதல் 1989 வரை மான் வேட்டையில் காயம்பட்டவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மரப்பரண் சம்பந்தப்பட்டவை! துப்பாக்கியைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் ஏணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்பு இடுப்பிலோ மார்பிலோ ஒற்றைப் பட்டை கட்டினார்கள். விழுந்தால் அதுவே மூச்சை இறுக்கியது. இப்போது தொடை, தோள் எல்லாவற்றையும் சுற்றும் முழு உடல் பட்டை வந்துவிட்டது. தயாரிப்பாளர் சங்கத்தின் தரச்சான்று பெற்ற பரண்களோடு அதுவும் சேர்ந்தே வருகிறது. தரையிலிருந்து இருக்கை வரை தொங்கும் உயிர்க்கயிற்றில் அதை மாட்டிக்கொண்டுதான் முதல் படியில் கால் வைக்க வேண்டும். ஏணியை நிறுத்த மூன்று பேராவது வேண்டும் என்கிறார்கள். ஜெர்மனியில் உயர இருக்கையை வருடம் ஒருமுறையாவது, அதுபோக ஏறும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. தோட்டா எடுத்த துப்பாக்கி கீழே கயிற்றில் காத்திருக்கும். ஆள் உட்கார்ந்து, பட்டையை மரத்தில் மாட்டிய பிறகுதான் அது மேலே வரும்.