எழுத்துருக்களை அடுக்கி வைத்த வரலாறு

வரைகலைத் தொழிலுக்குப் புதிதாக வருபவர், கணினியில் சேர்ந்துவிட்ட நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை எப்படிப் பிரித்து அடுக்குவது என்று திகைப்பது இக்காலத்துச் சிக்கல் போலத் தோன்றினாலும், அதன் வேர் ஈய எழுத்துக்கள் புழங்கிய நாள்களில் இருக்கிறது. அன்று எழுத்துரு என்பது கனமும் விலையும் கூடிய, இடத்தை அடைக்கும் பொருள். ஒரு வடிவத்தின் ஒவ்வோர் அளவும் தனித்தொகுதியாக வார்க்கப்பட்டு, எழுத்துக்கு ஓர் அறை என்று தடுக்கப்பட்ட 'கேஸ்' என்னும் மரத்தட்டில் போட்டு வைக்கப்பட்டது. அளவு மாறினால் தட்டும் மாறியாக வேண்டும் என்பதால், அச்சகத்தின் முதல் வகைப்பாடு வடிவத்தை விட்டு அளவையே பற்றிக்கொண்டது.

அந்த அளவுகள் எண்களால் அன்றிப் பெயர்களால் அறியப்பட்டன. பிரெஞ்சு அச்சகத்தார் ஓரளவைச் 'சிசெரோ' என்றும் அதைவிடச் சற்றுப் பெரியதைப் 'புனித அகுஸ்தீன்' என்றும் அழைத்தனர். அவ்வாசிரியர்களின் நூல்களை அச்சிடப் பயன்பட்ட அளவுகள் அவர்கள் பெயரையே பெற்றன என்பது மரபாகக் கூறப்படும் விளக்கம். ஆங்கிலேயரின் பைகா, கிரேட் பிரைமர் போன்ற பெயர்கள் தமிழ்நாட்டு அச்சுக்கோப்பவர்களின் பேச்சிலும் வழங்கின. ஆனால் ஒரு வார்ப்பகத்தின் பைகா இன்னொரு வார்ப்பகத்தின் பைகாவுக்கு உயரத்தில் ஒத்துவராது என்பதால், இரண்டையும் ஒரே வரியில் கலக்க முடியாது. பாரிசில் பியேர் சிமோன் ஃபூர்னியே 1737இல் வெளியிட்ட புள்ளி அளவு அட்டவணை இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தது. பின்னர் அச்சுத்தொழில் செய்த திதோ குடும்பத்தார் அதனைப் பிரெஞ்சு அரச அளவுகோலோடு இணைத்துத் திருத்தினர். அமெரிக்காவிலோ, சிகாகோவின் மார்டர் லூஸ் வார்ப்பகம் 1871இன் பெருந்தீயில் அழிந்து, அச்சுகள் அனைத்தையும் புதிதாகச் செய்ய நேர்ந்தபோதுதான் புள்ளி முறை அங்கே வேர்கொண்டது. 1886இல் ஏனைய வார்ப்பகங்களும் அதை ஏற்றன. பழைய தளவாடங்கள் எரியாமல் இருந்திருந்தால், அவற்றைக் கைவிட எந்த முதலாளிக்கும் எளிதில் மனம் வந்திருக்காது.

அளவு ஒருபுறமிருக்க, எழுத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான கருவி மாதிரித்தாள். அச்சகத்தார் தம்மிடமுள்ள எழுத்துக்களையெல்லாம் ஒரே தாளில் அச்சிட்டுக் காட்டும் இவ்வழக்கத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று, ஆக்ஸ்பர்க் நகரில் எர்ஹார்ட் ராட்டோல்ட் 1486இல் வெளியிட்ட தாள். அதில் பதினான்கு வகை எழுத்துக்கள் உள்ளன. பிராங்ஃபர்ட்டில் கான்ராட் பெர்னர் 1592இல் வெளியிட்ட தாள் ஒருபடி மேலே சென்று, கராமோன், கிரான்ஜோன் என எழுத்தைச் செதுக்கியவர்களின் பெயர்களையும் அருகே குறித்தது. எழுத்துருவை அதன் ஆசிரியர் பெயரால் தேடும் பழக்கத்துக்கு இத்தாள் ஒரு முன்னோடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளம்பரத் தொழில் வளர்ந்து, சுவரொட்டிக்கான தடித்த எழுத்துக்கள் பெருகியபோது பெயர்கள் கட்டுமீறின. எழுத்துக் கோட்டின் முனையில் வரும் சிறு குறுக்குக்கீற்று 'செரிஃப்' எனப்படும். அக்கீற்றே இல்லாத எழுத்தை நான்காம் வில்லியம் காஸ்லன் 1816இல் லண்டனில் 'எகிப்தியம்' என்று விற்றார். சில பத்தாண்டுகளில் அதே பெயர் அதற்கு நேர்மாறான, பட்டையாகத் தடித்த கீற்றுள்ள எழுத்தைக் குறிக்கலாயிற்று. 'ஆன்டிக்' என்பது இங்கிலாந்தில் கீற்றுள்ள தடித்த எழுத்து, பிரான்சிலோ கீற்றில்லாதது. அந்தக் கீற்றில்லாததை அமெரிக்கர் 'காதிக்' என்றனர். வார்ப்பகங்கள் சரக்கை விற்கச் சூட்டிய பெயர்களே இத்துறையின் கலைச்சொற்களாக நிலைத்துவிட்டமையால், இன்றைய மாணவர் படும் குழப்பத்தில் பாதி அக்காலத்து வணிகர்களின் கைங்கரியம் எனலாம்.

இதனை ஒழுங்குசெய்ய முயன்றவர்களுள் பிரான்சின் பிரான்சிஸ் திபோதோ 1921இல் செரிஃபின் வடிவத்தையே அளவுகோலாக்கி நான்கு பெருங்குடும்பங்களை வகுத்தார். மாக்ஸிமிலியன் வோக்ஸ் 1954இல் அதை ஒன்பது வகையாக விரித்து, பெயர்களையும் தாமே படைத்தார்: கராமோனையும் வெனிஸின் அச்சாளர் ஆல்டஸையும் சேர்த்துக் 'கரால்ட்', திதோவையும் இத்தாலியின் பார்மா நகரத்துப் பொதோனியையும் சேர்த்துத் 'திதோன்'. இம்முறையைப் பன்னாட்டு எழுத்துருவியல் சங்கம் 1962இல் ஏற்றது. இதற்கிடையே, 1957இல் வெளிவந்த யூனிவர்ஸ் எழுத்துருக் குடும்பத்தின் இருபத்தொரு வடிவங்களுக்கு ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் பெயருக்குப் பதில் ஈரிலக்க எண் தந்தார்; முதல் இலக்கம் தடிமனையும் இரண்டாவது அகலத்தையும் சாய்வையும் சுட்டும். 55 என்பது இயல்பு வடிவம், 56 அதன் சாய்வு, 65 அதன் தடித்த வடிவம். இன்று இணையப் பக்கங்களில் எழுத்தின் தடிமனை 100 முதல் 900 வரை எண்ணால் குறிப்பதிலும் இந்த மனப்போக்கையே காணலாம்.

இவ்வகைப்பாடுகள் அனைத்தும் உரோமானிய எழுத்தை வைத்தே எழுந்தவை. ஜெர்மானியத் தர நிர்ணயம் 1964இல் பதினொரு வகைகளை வகுத்தபோது, கடைசி வகைக்கு 'அயல் எழுத்துக்கள்' என்று பெயரிட்டது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான நாள்முதல் வார்ப்பு மரபு கொண்ட தமிழும், அரபியும், சீனமும் அந்த ஒரே மூட்டையில் அடங்கின. இக்குறையை உணர்ந்த பன்னாட்டுச் சங்கம் 2021இல் வோக்ஸ் முறைக்கான தன் ஏற்பை விலக்கிக்கொண்டது.

தமிழ் வடிவமைப்பாளர் கைக்கொண்ட அடுக்குமுறையோ இவை எதிலும் சேராதது. எல்லா மொழி எழுத்துக்களுக்கும் பொது எண் தரும் ஒருங்குறிக்கு முந்தைய கணினி எழுத்துருக்களில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபட்டது. இந்த ஒதுக்கீடே 'குறியேற்றம்' எனப்படும். இலங்கையில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டி, அது நிறுவப்படாத கணினியில் கோப்பைத் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே திரையில் நிற்கும். ஆகவே டிடிபி மையங்களில் எழுத்துரு அழகானதா என்பதற்கு முன், அது எந்தக் குறியேற்றம் என்பதே கேட்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களையும், 2010இல் ஒருங்குறியையும் டேஸ் பதினாறு என்னும் குறியேற்றத்தையும் ஏற்றது. ஒருங்குறி பரவியபின் பழைய அடுக்குமுறைக்குத் தேவை குறைந்தது. வடிவம் பற்றிய கேள்வி முன்னுக்கு வந்தபோது, அதற்கு விடையாகக் கிடைத்தவை உரோமானியப் பெயர்களே. கூகுளின் எழுத்துருத் தொகுப்பில் முக்தா மலர் என்னும் தமிழ் எழுத்துரு 'செரிஃப் அற்றது' என்னும் பிரிவில் கிடக்கிறது. அதே தொகுப்பிலுள்ள நோட்டோ செரிஃப் தமிழை அதன் இணையான நோட்டோ சான்ஸ் தமிழிலிருந்து பிரித்துக் காட்டுவது கோட்டின் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும் ஓட்டமே. தேடுபவர் அதனைச் செரிஃப் என்ற பெயரின் கீழ்த்தான் கண்டெடுக்க வேண்டும்.