ராத்திரியில் கேபிள் பார்த்த ஏஸ்

அலாரம் அடித்ததும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்று தானாகவே எழுந்து, லாக் ஃபைல்களைக் குடைந்து, "பழுது இங்கேதான்" என்று டிக்கெட்டில் எழுதி வைத்துவிடுகிறது. எங்கள் துறையில் இன்றைக்கு எல்லாருக்கும் இதுதான் பேச்சு. புத்தம் புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனா இதே வேலையை, யாரும் பட்டனை அழுத்தாமல், ராத்திரியோடு ராத்திரியாகச் செய்த ஒரு புரோகிராம் 1980களின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. எழுதியது அமெரிக்காவின் பெல் லேப்ஸ். பெயர் ஏஸ். 'ஆட்டோமேட்டட் கேபிள் எக்ஸ்பர்ட்டீஸ்' என்பதன் சுருக்கம். அதே பெல் லேப்ஸில் பிறந்த யூனிக்ஸைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஏஸைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

அது பார்த்த நோய் நமக்கும் தெரிந்ததுதான். மழைக்காலத்தில் லேண்ட்லைன் போன் கரகரவென்று இரைந்து, கடைசியில் செத்துப்போவதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூமிக்கடியில் போகும் ஒரு பெரிய கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான செப்புக் கம்பி ஜோடிகள் இருக்கும். வெளி உறையில் ஒரு விரிசல், அதில் தண்ணீர் இறங்கினால் போதும், ஒவ்வொரு ஜோடியாகக் கெடும். ஒருத்தர் புகார் கொடுப்பார், லைன்மேன் வந்து அவருடைய ஜோடியை மட்டும் வேறு நல்ல ஜோடிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொரு புகார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன ரிப்பேர். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்த விரிசல் எந்த இடத்தில் என்று பிடிபடும்.

சேர்த்து வைத்துப் பார்க்க டேட்டாபேஸ் இல்லாமல் இல்லை. செய்த ரிப்பேர் எல்லாவற்றையும் கிராஸ் என்ற ஒரு சிஸ்டத்தில் பதிந்துகொண்டுதான் இருந்தார்கள். அதைப் படித்து அர்த்தம் சொல்லும் அனுபவசாலிகள்தான் போதவில்லை. ரிப்போர்ட் மலைபோல வரும், உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரம் கிடையாது. ஏஸ் அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. கேபிள் நிபுணர்கள் எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, "இப்படி இருந்தால் இப்படிச் செய்" என்ற விதிகளாக எழுதினார்கள். ராத்திரியில் ஏஸ் கிராஸிலிருந்து பதிவுகளை எடுக்கும், விதிகளைப் போட்டுப் பார்க்கும், எந்தக் கேபிளை முதலில் கவனிக்க வேண்டும் என்று மெயில் அனுப்பிவிடும். காலையில் மேனேஜர் படிப்பார். 1983இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஏஸ் புத்திசாலித்தனம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை என்பது. மேதை செய்கிற வேலையை அது செய்யவில்லை. யாருமே படிக்காத காகிதத்தைத் தினமும் படித்தது. இன்னொன்று, அது சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வழி இருந்தது. லைன்மேன் போய்க் கேபிளைத் திறந்து பார்ப்பார். உள்ளே ஈரம் இருக்கும், அல்லது இருக்காது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் டீசல் ரயில் எஞ்சினுக்கு இப்படி ஒன்று செய்தது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம், வாடிக்கையாளர் ஆர்டருக்குத் தகுந்தபடி கம்ப்யூட்டர் பாகங்களைப் பொருத்திக் கொடுக்க எக்ஸ்கான் என்று ஒன்றை வைத்திருந்தது. எக்ஸ்கானின் விதிகள் நூறுகளில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போயின. ஒவ்வொரு புதுக் கருவி வரும்போதும் விதிகளைத் திருத்த வேண்டும், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும். 1980களின் கடைசியில் எக்ஸ்பர்ட் சிஸ்டம் சந்தையே படுத்துவிட்டது. அந்தக் கதை பலரும் எழுதியது, விட்டுவிடுகிறேன்.

எழுத வேண்டியது 2003 ஆகஸ்ட் 14 பற்றி. அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போன நாள். இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையை ஆபரேஷன்ஸ் வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று சொல்வேன். துப்பறியும் கதை மாதிரி இருக்கும்.

ஒஹாயோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி கட்டுப்பாட்டு அறையில் மதியம் 2:14க்கு அலாரம் மென்பொருள் நின்றுபோனது. இரண்டு புரோசஸ்கள் ஒரே டேட்டாவை ஒரே நேரத்தில் தொட முயலும் 'ரேஸ் கண்டிஷன்' வகைப் பிழை. பிழையைக் கண்டுபிடிக்கவே பல வாரம் ஆனது. அலாரம் நின்றதைச் சொல்ல இன்னொரு அலாரம் இல்லை. திரை அமைதியாக இருந்தது, ஆபரேட்டர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தார்கள். 2:32க்குப் பக்கத்து மின் நிறுவனத்திலிருந்து போன், உங்களோடு சேரும் லைன் ஒன்று ட்ரிப் ஆகித் திரும்பச் சேர்ந்ததே என்று. இவர்கள் திரையில் அப்படி எதுவும் வரவில்லை. 2:41க்கு முதன்மை சர்வர் விழுந்தது, 2:54க்கு அதன் பேக்கப்பும் விழுந்தது. ஐ.டி. ஆட்கள் 3:08க்கு ரீபூட் பண்ணினார்கள். சர்வர் எழுந்தது. அலாரம் வேலை செய்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு மூன்று நிமிஷம் முன்னால்தான் முதல் பெரிய லைன் மரத்தில் உரசி ட்ரிப் ஆகியிருந்தது.

சரி, மேற்பார்வை பார்க்க மேலே ஒருத்தர் உண்டே என்று கேட்கலாம். உண்டு. மிசோ என்ற அமைப்பு, இண்டியானாவில். அவர்களிடம் 'ஸ்டேட் எஸ்டிமேட்டர்' இருந்தது. பல இடங்களிலிருந்து வரும் அளவுகளை வைத்து மின்கட்டம் முழுவதும் இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது என்று கணிக்கும் புரோகிராம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். அன்று மதியம் அதன் கணக்கு ஒத்துவரவில்லை. ஓர் அனலிஸ்ட் தானாக ஓடுவதை நிறுத்தி வைத்து, காரணத்தைத் தேடிப் பிடித்துச் சரி செய்தார். சரி செய்துவிட்டுச் சாப்பிடப் போனார். நிறுத்தி வைத்ததைத் திரும்பப் போட மறந்துவிட்டார். 2:40க்குத்தான் அது தெரிய வந்தது. அதன் பிறகும், ட்ரிப் ஆகிக் கிடந்த ஒரு லைனின் நிலவரம் உள்ளே வராததால் கணக்கு மறுபடி இடித்தது. அது முழுவதும் தானாக, ஒழுங்காக ஓடத் தொடங்கியபோது மணி 4:04. அடுத்த பத்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நிறையப் பேர் இதை மனிதத் தவறு, மென்பொருள் பிழை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் இரண்டு இயந்திரங்கள் ஒரே மதியத்தில் வாய் மூடிக்கொண்டன, அந்த மௌனத்தை ஆரோக்கியம் என்று எல்லாரும் படித்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமல்போனதில் இன்னொரு வகை. நெட்வொர்க்கின் முதுகெலும்பே அறுந்ததால், பழுதை ஆராய வைத்திருந்த உள் கருவிகளும் அதோடு போய்விட்டன. ஆட்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்ப வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றோடு இன்றைய ஏஜென்ட்டைப் பார்த்தால் எங்கே இடிக்கிறது? அறிவில் அது ஏஸை எங்கேயோ தாண்டிவிட்டது. விதி எழுதித் தர வேண்டியதில்லை, முன்பின் பார்க்காத லாக்கையும் படிக்கும். ஆனால் 1970களில் ஸ்டான்ஃபோர்டில் இருந்த மைசின் என்ற மருத்துவப் புரோகிராமிடம் நடுவில் "ஏன்?" என்று டைப் அடித்துக் கேட்டால், அந்த நொடியில் அது பயன்படுத்திக்கொண்டிருந்த விதியையே எடுத்துக் காட்டும். இன்றைய மொழி மாடலிடம் ஏன் என்று கேட்டால் வருவது புதிதாக எழுதிய இன்னொரு பத்தி. நன்றாகவே இருக்கும். முதல் பத்தியை எழுத வைத்தது அதுதான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் காரணத்தை விட்டுவிட்டு ஆதாரத்தைக் கேட்கிறேன். எந்த லாக், எந்த வரி, எத்தனை மணி. அதை நானே திறந்து பார்த்துக்கொள்வேன். எதுவும் கிடைக்காத ராத்திரியிலும் "ஓடினேன், இத்தனை பதிவு பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று அது எழுதியே ஆக வேண்டும். எழுதவில்லை என்றால் அதற்குத் தனி அலாரம், வேறு சர்வரிலிருந்து.

இதெல்லாம் செய்துவிடலாம். ஈரத்தைத் தொட்டுப் பார்க்கும் லைன்மேன்தான் எங்களுக்கு இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு சர்வீஸ் தடுமாறினால் முதல் காரியம் ரீஸ்டார்ட். பிரச்சினை போய்விடும், கூடவே தடயமும் போய்விடும். மறுநாள் அறிக்கையில் 'மூல காரணம்' என்ற கட்டத்தில் நியாயமாகத் தோன்றும் ஏதோ ஒன்றை எழுதி மூடுவார்கள். அந்த அறிக்கைகளைத்தான் ஏஜென்ட்டுக்குப் பழைய அனுபவம் என்று படிக்கக் கொடுக்கிறோம். அதுவும் அதே மாதிரிக் காரணங்களை, இன்னும் நல்ல நடையில், எழுதித் தருகிறது. பிறகு அதுவும் அறிக்கையாகி உள்ளே போகிறது.

எங்கள் டீமில் போன மாசத்திலிருந்து அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம்: 'காரணத்தைச் சோதித்துப் பார்த்தது யார், எப்படி?' இதுவரை பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. காலியாக இருப்பவற்றை ஏஜென்ட்டுக்குக் கொடுப்பதில்லை.